இன்னொரு பொம்பளை

காலை மணி 7.10.

மருந்துப் பெட்டியில் 'வியாழன் காலை' என்று ஒட்டியிருந்த அறை காலி.

ரக்ஷனா இரண்டு முறை தடவிப் பார்த்தாள். நேற்றிரவு அவளே எண்ணிப் போட்ட ஐந்து வெள்ளை மாத்திரைகளைக் காணோம். பக்கத்திலிருந்த நீலக் கோப்பைத் திறந்தாள். முதல் பயாப்ஸி ரிப்போர்ட் இருந்தது. அறுவைக்குப் பின் வந்த இரண்டாவது ரிப்போர்ட் இல்லை. மேசைமேல் அத்தை கழற்றி வைத்த சங்கிலி மட்டும் பத்திரமாகக் கிடந்தது.

தங்கத்தை விட்டுவிட்டு மாத்திரையைத் திருடுவது யார்?

ரக்ஷனா போலீஸ் புலனாய்வு அதிகாரி. பெரியத்தை ரத்தினம்மாவை முதல் கீமோவுக்கு அழைத்துப் போக லீவு போட்டு, நேற்றே சிங்கப்பூர் தேக்காவிலிருக்கும் அத்தை வீட்டுக்கு வந்து தங்கியிருந்தாள். மருந்து ஏற்றுவது மதியம் இரண்டு மணிக்கு. அது ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டிவிடக் கூடாதென்று எட்டு மணிக்கு அந்த ஐந்தையும் விழுங்கியாக வேண்டும். தவறினால் வேறு நாள்தான் என்று தாதி கறாராகச் சொல்லியிருந்தார். அத்தைக்குக் கர்ப்பப்பையில் வந்திருப்பதோ நாள் கொடுக்கிற ரகமல்ல.

பெட்டியைத் தொடக்கூடியவர்கள் மூன்றே பேர்.

7.20. மாணிக்கம் மாமா, அத்தையின் கணவர். ஆறரைக்கு எழுந்தாராம். சுவா சூ காங்கிலிருக்கும் தம்பிக்குப் போன் செய்தாராம்.

"என்ன பேசுனீங்க மாமா?"

"என்னத்தம்மா பேச. முதல்ல ஒண்ணு சொன்னாங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் பார்த்தா ரெண்டு கலந்திருக்குன்னு ரிப்போர்ட் வந்துச்சு. ரொம்ப அபூர்வமாத்தான் இப்படி ஆகுமாம். அதைச் சொன்னேன்."

7.30. மகன் ஜெய். கீமோவே வேண்டாம், வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நின்றவன். ரக்ஷனா அவனை நேராகவே கேட்டாள். அவன் சிரித்தான்.

"நான் எடுத்திருந்தா ரெண்டு ரிப்போர்ட்டையும்லா எடுத்திருப்பேன். ஒண்ணை மட்டும் காட்டுனா எந்த டாக்டர் பார்ப்பாரு? நீயெல்லாம் எப்படி கேஸ் பிடிக்கிறே?"

நியாயம்தான். அதனாலேயே குழப்பம் கூடியது.

7.40. சமையற்கட்டு. மார்சிலிங்கிலிருந்து வந்து ஒரு வாரமாகச் சமைத்துப் போடும் சின்னத்தை நாகம்மா. அக்காவுக்குக் 'கட்டி' என்பதற்கு மேல் அவரிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. பயந்துவிடுவாராம். மாத்திரையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். தோசையைத் திருப்பிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் முணுமுணுத்தார்.

"பாவம், அந்த இன்னொரு பொம்பளை என்ன பாடுபடுறாளோ."

ஆஸ்பத்திரியில் பார்த்த யாரையோ நினைத்துச் சொல்கிறார் என்று எண்ணி ரக்ஷனா தட்டோடு கூடத்துக்கு வந்துவிட்டாள்.

7.48. ஒரு துண்டு தோசையைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தாள். ஏதோ குறைந்தது. வெள்ளை வெளேரென்று, மொட்டையாக, தேங்காய்ச் சட்னி.

தாளிக்கவில்லை. மோருக்கே தாளிக்கிற சின்னத்தை!

சமையற்கட்டுக்குப் போய் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். கடுகுக் கிண்ணத்தில் டிஷ்யூவில் பொதிந்த ஐந்து மாத்திரைகள். கிண்ணங்களுக்கு அடியில் எட்டாக மடித்த ரிப்போர்ட். பக்கத்தில் ஆள் இருக்கும்போது பெட்டியைத் திறந்து கடுகெடுக்க நாகம்மாவுக்குத் துணிவு வரவில்லை.

"நீங்கதான் எடுத்தீங்க, சின்னத்தை. ஏன்னுதான் தெரியல. பாவம்னு சொன்னீங்களே, அது எந்த இன்னொரு பொம்பளை?"

நாகம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"மாமா போன்ல சொன்னாரே, ரெண்டு கலந்துபோச்சுன்னு. அக்காவோட ரிப்போர்ட்டும் வேற யாரோடதும்தானே? அக்காவுக்கு ஒண்ணுமே இல்லாமகூட இருக்கலாம்ல? யாருக்கோ குடுக்க வேண்டிய விஷத்தை இவ ஒடம்புல ஏத்துவாங்களா? இன்னைக்கு ஒரு நாள் தள்ளிப்போனா, அந்தப் பேப்பரைக் காட்டி நானே கேக்கலாம்னு…"

எத்தனையோ விசாரணைகளில் ரக்ஷனா பொய்யைக் கேட்டிருக்கிறாள். எதிரில் நிற்பவர் சொல்வது உண்மையாக இருந்துவிடக் கூடாதா என்று ஏங்கியது இதுதான் முதல் தடவை.

"ரிப்போர்ட் கலக்கல, சின்னத்தை. கட்டிக்குள்ளதான் கலந்திருக்கு. கர்ப்பப்பையோட உள்தோல்ல வர்ற புற்று ஒண்ணு, சதை மாதிரி வளர்ற புற்று இன்னொண்ணு. ரெண்டும் ஒரே கட்டியில. அதுதான் அபூர்வம்." தாளை விரித்து, மேலிருந்த அடையாள அட்டை (ஐசி) எண்ணில் விரலை வைத்தாள். "ரெண்டு ரிப்போர்ட்லயும் இதே நம்பர்தான். பெரியத்தையோடது. இன்னொரு பொம்பளை கிடையாது."

நாகம்மா அந்த எண்ணையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

7.56. சமையற்கட்டு வாசற்படியில் ரத்தினம்மா கை நீட்டியபடி நின்றார். எப்போது வந்தாரோ.

"கடுகு வாசனையோடயே குடு." ஐந்தையும் ஒவ்வொன்றாக விழுங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். "சட்னியைத் தாளிடி. இப்படி எவ சாப்பிடுவா?"

பிற்பகல் 1.55. மருந்துப் பையோடு வந்த தாதி பெயரையும் ஐசியின் கடைசி மூன்று எண்களையும் எழுத்தையும் கேட்டார். ரத்தினம்மா வாயைத் திறக்குமுன் நாகம்மா ஒப்பித்துவிட்டார். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

பேஷண்டேதான் சொல்லவேண்டும் என்றார் தாதி.

"அவளும் சொல்லுவா," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார் நாகம்மா. "ஆனா இவதான்மா. பார்த்துட்டேன். இவளேதான்."