கட்டடத்துக்கு மேலே

அக்போட்டாவின் கேமரா திங்கள் முதல் வெள்ளி வரை அலமாரியில் தூங்கும். கம்பளிக் காலுறைகளுக்கு நடுவே, ஒரு பழைய தொப்பிக்குள் அதற்குப் படுக்கை. கேமரா தூங்கினாலும் அக்போட்டாவின் கண்கள் தூங்குவதில்லை. சிக்கலே அதுதான்.

"அக்போட்டா! விடை என்ன?" என்று கணக்கு டீச்சர் கேட்பார்.

"ஜன்னல்ல பனி இறகு மாதிரி உறைஞ்சிருக்கு டீச்சர்! பாருங்களேன், வெளிச்சம் இப்பப் போயிடும்!"

வகுப்பே சிரிக்கும். டீச்சரும் சிரிப்பார், ஆனால் மதிப்பெண் போடும்போது சிரிக்க மாட்டார்.

கேமரா முதலில் அப்பாவுடையது. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். வாரம் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருகிற மனிதர், சனி ஞாயிறு வந்தால் ஊரெல்லாம் நடந்து படம் எடுப்பார். புதுக் கேமரா வாங்கியதும் பழையதை மகளிடம் கொடுத்துவிட்டார். கூடவே ஒரே ஒரு சட்டம்: "கேக்காம யார் முகத்தையும் எடுக்கக் கூடாது."

அதனால் அப்பாவும் மகளும் சந்தைக்குப் போனால் ஒரே பேச்சுச் சத்தம்தான்.

"எடுத்துக்கோ கண்ணு, எடுத்துக்கோ! ஆனா போன வாரம் என் மூக்கு ஆப்பிள விடப் பெரிசா விழுந்திருக்கு. கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா?" என்பார் ஆப்பிள் விற்கிற அக்கா.

"கேமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாதே!" என்பார் அப்பா.

"உங்க வாய்க்கு மட்டும் தெரியுமாக்கும்!" என்று சொல்லிவிட்டு, ஓர் ஆப்பிளை எடுத்து அக்போட்டாவின் கையில் வைப்பார் அந்த அக்கா.

இந்தக் குளிர்காலத்தில் அக்போட்டாவின் பக்கத்து இருக்கைக்கு ஒரு புதுப் பெண் வந்தாள். பெயர் நெசிபெலி. காஸ்பியன் கடலோரம், அத்திராவ் ஊர்க்காரி. தம்பிக்குக் காதில் அறுவை சிகிச்சை. அதற்காக அவனையும் இவளையும் கூட்டிக்கொண்டு அம்மா அல்மாத்திக்கு வந்திருந்தார். மூன்று மாதம் இங்கேதான்.

முதல் நாளே அவள் மாட்டிக்கொண்டாள்.

"உங்க ஊர்ல உன் வீடு எங்க இருக்கு?" என்று டீச்சர் கேட்டார்.

"புகாரா பக்கம்."

"புகாராவா? அது வேற நாட்டு ஊரு!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"இல்ல, எங்க ஊர் நடுவுல ஆறு ஓடுது. ஒரு கரை சமாரா பக்கம், இன்னொரு கரை புகாரா பக்கம். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்."

"மேல, கீழன்னு தெளிவா சொல்லத் தெரியாதா?" என்றான் அவன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது.

அல்மாத்தி பிள்ளைகள் வேறு எப்படிச் சொல்வார்கள்? மலை இருக்கிற பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே. கிழக்கும் மேற்கும் பாடப் புத்தகத்தோடு சரி. அக்போட்டாவும் அன்றைக்குச் சிரித்தாள். நெசிபெலியின் காது சிவந்ததைப் பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கொண்டாள்.

போகப் போக இருவரும் சிநேகிதிகள் ஆனார்கள்.

"உங்க மலை எங்கடி?" என்று நெசிபெலி அடிக்கடி கேட்பாள்.

"அதோ."

"அங்க சாம்பல்தான் தெரியுது."

"புகைமூட்டம். குளிர்காலத்துல அடுப்புப் புகையும் வண்டிப் புகையும் சேர்ந்து ஊரையே மூடிடும். மலை அதுக்குப் பின்னாடி இருக்கு."

"பின்னாடி இருக்குன்னு நீதான் சொல்ற."

நெசிபெலி பள்ளிக்கூடம் விட்டால் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போவாள். தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அம்மாவால் அங்கிருந்து நகர முடியாது. அவளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போக யாரும் இல்லை.

தம்பிக்கு ஒருவழியாகக் காது நன்றாகக் கேட்க ஆரம்பித்தது. ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. வெள்ளிக்கிழமை இடைவேளையில் நெசிபெலி ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஊருக்குப் போறோம்னு சந்தோஷமா இல்லையா?" என்று கேட்டாள் அக்போட்டா.

"நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"அப்பாகிட்ட. தினமும் சாயங்காலம் அம்மாவோட போன்ல என்கிட்ட பேசுவாரு. மலையப் பாத்தியான்னு கேப்பாரு. ஒரு நாள், பாத்தேன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி?"

"பாக்கலன்னு சொன்னா, பிள்ளைய மூணு மாசமா ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்கார வெச்சுட்டோமேன்னு தனியா உக்காந்து வருத்தப்படுவாரு. அதான்... மலை வெள்ளையா இருக்கு, ரெண்டு சிகரம் ஒட்டகத் திமில் மாதிரி இருக்குன்னு அடிச்சு விட்டுட்டேன்."

"ஒட்டகத் திமிலா? எங்க மலைலயா? அப்படி ஒண்ணும் கிடையாதே!"

"எனக்கென்ன தெரியும்? நான் பாத்ததெல்லாம் ஒட்டகம்தான்." நெசிபெலி கையிலிருந்த ரொட்டியைப் பிய்த்தாள். "இப்ப மலை முன்னாடி நின்னு ஒரு படம் எடுத்து அனுப்புன்னு கேக்குறாரு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் எங்களுக்கு ரயிலு."

அக்போட்டா யோசித்தாள். "என்கிட்ட போன வருஷம் எடுத்த மலை இருக்கு. உன்னையும் எடுத்து, கம்ப்யூட்டர்ல ரெண்டையும் ஒட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

நெசிபெலி தலையை ஆட்டினாள். "வேண்டாம். நான் சொன்ன பொய் போதும். படம் வேற பொய் சொல்ல வேண்டாம்."

அப்பாவின் பேச்சு அக்போட்டாவுக்கு நினைவு வந்தது. கேமராவுக்குப் பொய் சொல்லத் தெரியாதே!

அன்று மாலை அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் உறைந்த ஏரிக்குப் போய்ப் பனிக்கட்டிக்குள் மாட்டிய குமிழிகளைப் படம் எடுப்பதாக இருந்தார்கள். ஒரு மாதமாகப் போட்ட திட்டம்.

"ஏரி எங்க ஓடிடப் போகுது? உறைஞ்சுதானே கிடக்கு!" என்றார் அப்பா. "அந்தப் பொண்ண வரச் சொல்லு. காலையில கார்ல புகைமூட்டத்தத் தாண்டிப் போயிட்டு, ரயிலுக்கு முன்னாடி வந்துடலாம்."

சனிக்கிழமை அக்போட்டா ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு எங்க கட்டடத்துக்கு மேல வந்து நில்லு."

"மேலயா?"

"ஆமா, மேலதான்! அப்பாவும் நானும் வந்துடுவோம்."

நெசிபெலியின் முகம் மலர்ந்ததைப் பார்த்து, அக்போட்டா துள்ளிக்கொண்டு வீடு திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முன்பே, கட்டடத்துக்கு மேலே, அதாவது மலைப்பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில், கார் நின்றது. புகைமூட்டம் எதிர்க் கடையின் பெயர்ப் பலகையைக்கூட விழுங்கியிருந்தது. ஒரு பேருந்து வந்தது, போனது. இன்னொன்று வந்தது. நெசிபெலியைக் காணோம்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். நெசிபெலியின் அம்மா பதறிப்போய், "அவ அப்பவே கிளம்பிட்டாளே! பஸ்லகூட நான்தான் ஏத்தி விட்டேன்!" என்றார்.

"நான் பாத்துக்கிறேம்மா, பயப்படாதீங்க" என்றார் அப்பா. ஆனால் அவர் குரலிலும் லேசாகப் பயம் இருந்தது.

இருவரும் தெருவின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தேடினார்கள். திரும்பக் காருக்கே வந்தார்கள். அக்போட்டாவுக்கு முதலில் கோபம் வந்தது. "வேற எங்கயோ சுத்தப் போயிட்டா போல. ஏரியும் போச்சு, மலையும் போச்சு!" என்று வெடித்தாள். பிறகு அழுகை வந்தது. பாவம், ஊர் தெரியாதவள், எங்கே நின்று விழிக்கிறாளோ!

"கொஞ்சம் பொறு, யோசிப்போம்" என்றார் அப்பா. "ஊர் புதுசுன்னா யாருக்கும் தடுமாத்தம்தான். நான் முதல்ல அஸ்தானா போனப்ப டாக்ஸிக்காரர்கிட்ட, அந்த முனையில திரும்பி மேல போங்கன்னேன். அவர் வண்டிய நிறுத்திட்டு, தம்பி, இது டாக்ஸி, விமானம் இல்லன்னாரு! அங்கதான் தரையெல்லாம் தட்டையாச்சே..."

அக்போட்டாவின் அழுகை பாதியில் நின்றது.

"அப்பா."

"என்ன?"

"அத்திராவ் தட்டையான ஊரா?"

"மேசை மாதிரி."

"அப்பா! நான் அவகிட்ட கட்டடத்துக்கு *மேல* நில்லுன்னு சொன்னேன்!"

இருவரும் கழுத்தை நிமிர்த்தினார்கள். அவர்களுடைய பதினாறு மாடிக் கட்டடம் பாதிக்கு மேல் சாம்பலுக்குள் மறைந்திருந்தது.

"ஓடு!" என்றார் அப்பா. ஓடும்போதே காரின் முன்கண்ணாடியில் பனி படியாமல் வைக்கும் வெள்ளித்தாள் மறைப்பையும் ஏனோ கையில் எடுத்துக்கொண்டார்.

அப்பா தன் கையால் பழுது பார்த்த லிஃப்ட்தான். அன்றைக்கென்று அது ஆமை போல ஏறியது.

கடைசி மாடியில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு திறந்த பால்கனி உண்டு. அங்கே, தன்னைவிட இரண்டு மடங்கு பெரிய கோட்டுக்குள், கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள் நெசிபெலி. மடியில் ஒரு கிண்ணம் நிறைய எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவு உருண்டைகள். பக்கத்தில் பதினாறாம் மாடி ரைகுல் அக்கா, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"வாம்மா போட்டோக்காரி!" என்றார் ரைகுல் அக்கா. "குளிர்ல கெடாம இருக்கட்டும்னு வெளியில வெச்ச இறைச்சிய எடுக்கலாம்னு பால்கனிக் கதவத் திறந்தா, ஒரு பொண்ணு பனியில நிக்குது. உள்ள வாடின்னா வர மாட்டேங்குது. 'கட்டடத்துக்கு மேல நிக்கச் சொன்னாங்க, இங்கதான் நிப்பேன்'னு ஒரே பிடிவாதம்! அதான் என் கோட்டப் போட்டு விட்டேன். யாருடி நிக்க வெச்சதுன்னு கேட்டா, உன் பேரச் சொல்லுது!"

"மேலன்னு சொன்னே" என்றாள் நெசிபெலி. "இதுக்கு மேல போக முடியல. மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கு."

அக்போட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. "தப்பு என்னோடதுதான். எங்க ஊர்ல மேலன்னா மலைப்பக்கம்னு அர்த்தம். இவ்வளவு நேரமாச்சே, நீ ஏன் இறங்கிப் போகல?"

"நீ வருவேன்னு சொன்னியே."

காரில் தான் கத்தியதை நினைத்து அக்போட்டாவுக்கு வெட்கமாக இருந்தது. "இப்ப மலைக்குப் போக நேரமில்ல. ரயில விட்டுடுவே" என்று தலையைக் குனிந்தாள்.

"எதுக்குப் போகணும்?" என்று நெசிபெலி கையை நீட்டினாள். "திரும்பிப் பாரு."

அக்போட்டா திரும்பினாள்.

புகைமூட்டம் இரண்டு மாடிக்குக் கீழேயே முடிந்துபோயிருந்தது. தெரு, கடை, கார், எல்லாம் அதற்கடியில். அதற்குமேலே நல்ல நீல வானம். அந்த நீலத்தில், இவ்வளவு பக்கத்திலா என்று மிரளும்படி, வெள்ளை வெளேரென்று மலை. அதன் கீழ்ப்பாதி முழுவதும் மறைந்திருந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்தவை இரண்டே சிகரங்கள்.

"திமில்!" என்று கத்தினாள் அக்போட்டா.

"ரெண்டு திமில்!" என்று நெசிபெலியும் கத்தினாள். "நான் வந்தப்ப ஒண்ணுமே தெரியல. வெயில் வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா எழுந்துச்சு, ஒட்டகம் எழுந்து நிக்குமே, அந்த மாதிரி!"

பிறந்ததிலிருந்து இந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறாள் அக்போட்டா. ஆனால் குளிர்காலத்துக் காலையில் ஒருநாள்கூட இந்தப் பால்கனிக்கு வந்ததில்லை.

அவள் கேமராவை எடுத்தாள். பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். வெயில் மலைப்பக்கமிருந்து வந்தது. மலை பளீரென்றிருக்க, நெசிபெலியின் முகம் கரி பூசியதுபோல் கறுப்பாக விழுந்தது.

"அப்பா, அந்த வெள்ளித்தாளப் பிடிங்க! இன்னும் சாய்ச்சு!"

வெள்ளித்தாளில் பட்ட வெயில் துள்ளி நெசிபெலியின் முகத்துக்கு வந்தது. இப்போது மலையும் தெரிந்தது, முகமும் தெரிந்தது.

"சிரி."

நெசிபெலி விறைப்பாகப் பல்லைக் காட்டினாள்.

"பல் டாக்டர்கிட்ட காட்டுற மாதிரி இருக்கு" என்றார் ரைகுல் அக்கா. நெசிபெலிக்கு நிஜமாகவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்த நொடியில் அக்போட்டா அழுத்தினாள்.

அப்பா படத்தைத் தன் போனுக்கு மாற்றி நெசிபெலியின் அம்மாவுக்கு அனுப்பினார். பிறகு எல்லோரும் ஒரே ஓட்டமாக ஆஸ்பத்திரிக்கும், அங்கிருந்து ரயில் நிலையத்துக்கும் ஓடினார்கள். ரைகுல் அக்கா மீதி பவுர்சாக்கைப் பொட்டலம் கட்டி, தம்பிக்கென்று கொடுத்துவிட்டிருந்தார். ரயில் நகரும்போது நெசிபெலி ஜன்னலில் மூக்கை அழுத்திக் கையாட்டினாள்.

மாலையில் அப்பாவின் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. முதலில், கேட்டுப் பழகாத ஓர் ஆணின் குரல்:

"அடேயப்பா! மகளே, நீ சொன்ன மாதிரியே இருக்கே! ஒட்டகத் திமில்னு நீ சும்மா கதை விடுறேன்னு நெனச்சேன். ரெண்டும் அப்படியே இருக்கு! அங்க ரொம்பக் குளிரோ? கோட்டு ஏன் இவ்வளவு பெரிசு?"

அதற்குப் பிறகு ரயில் தடதடக்கும் சத்தத்தோடு நெசிபெலியின் குரல் கேட்டது:

"கேட்டியா அக்போட்டா? எனக்குச் சிரிப்பும் வருது, அழுகையும் வருது. வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட நடந்தத எல்லாம் சொல்லிடுவேன், கோட்டு கதையையும் சேர்த்து. லீவுக்கு நீ கேமராவோட எங்க ஊருக்கு வரணும். வழியெல்லாம் ரொம்ப சுலபம். ஸ்டேஷன்ல இறங்கி நேரா புகாரா பக்கம் வந்துடு, சரியா?"

அக்போட்டா அப்பாவைப் பார்த்தாள். அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

அவள் போனை வாய்க்கருகே வைத்துப் பதில் சொன்னாள்: "கண்டிப்பா வரேன். ஆனா அம்மா தாயே, வழி மட்டும் சொல்லாதே. நீயே ஸ்டேஷனுக்கு வந்து என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடு!"