தொட்டித் தண்ணீரின் சாட்சியம்

தண்ணீரை வாய் திறக்கவைத்துத் திருடனைப் பிடித்தவர் ஈரேழு உலகத்திலும் ஒருவர்தான்: ஓய்வுபெற்ற ஏட்டு சின்னக்கண்ணு. கோமுகி அணையே அவரிடம் வாக்குமூலம் கொடுத்து, கடைசியில் கைநாட்டும் வைத்ததாம். கள்ளக்குறிச்சியில் இதை நம்பாதவர்களுக்கெல்லாம் தலைவி இன்ஸ்பெக்டர் நர்மதா.

"சும்மா ஜீப்புல ஏறிக்கினு வர்றீங்களே, இன்னைக்குத் தண்ணி இன்னா சொல்லப்போவுது?"

"போய்க் கேட்டாத்தானேம்மா தெரியும்."

காலை எட்டு மணி. கல்வராயன் மலையில் பனி விலகவில்லை. மூன்று நாளாகக் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. குடிக்கிற தண்ணீரைக்கூட ஓடையிலிருந்து சுமந்துகொண்டிருந்தார்கள். பாதி எழும்பிய அரசுப் பள்ளி விடுதி, எலும்புக்கூடு மாதிரி நின்றது.

அதைக் கட்டும் கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவள் அபிநயா. சிமெண்ட் கம்மியாகப் போடுகிறார்கள் என்று போன வாரம் அரசு என்ஜினீயரிடம் புகார் சொன்னவளும் அவள்தான். விடுதிக் கலவையில் வார்த்து, தொட்டியில் ஊறவைத்ததாகச் சொன்ன ஆறு கான்கிரீட் கட்டிகளை இன்று என்ஜினீயர் உடைத்துச் சோதிப்பதாக இருந்தது. கட்டிகளைக் காணோம். தொட்டி இருக்கும் கொட்டகையின் சாவி அபிநயாவிடம்.

"இவதாங்க திருடி," என்றான் சூப்பர்வைசர் ராஜதுரை. "கட்டி கெட்டியா இருந்தா, சொன்ன புகார் பொய்யாப்பூடுமே! நேத்து சாயந்தரம் ஆறும் உள்ள இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

அபிநயா நர்மதாவின் பக்கம் திரும்பினாள். "கவர்மெண்ட் ஆளுன்னா கேக்க நாலு பேரு வருவாங்க. கான்ட்ராக்டர் ஆளுக்கு யாருங்க இருக்கா? ஜெயிலுக்குப் போனா, சுவரப் பத்தி நான் சொன்னத அப்புறம் எவன் நம்புவான்?"

கூரை போட்ட கொட்டகை. தொட்டித் தண்ணீர் விளிம்பைத் தொட்டபடி அசையாமல் கிடந்தது. அடியில் ஒன்றுமில்லை. சின்னக்கண்ணு குனிந்து தண்ணீரில் காதை வைத்தார். நர்மதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தம்பி, தொட்டியை எப்ப ரொப்புனீங்க?" என்று ராஜதுரையிடம் கேட்டார் சின்னக்கண்ணு.

"கரண்டு போறதுக்கு முன்னாடி. அப்பால ஒரு சொட்டு ஏதுங்க?"

"அந்த ஆறு கட்டி சைசுல கல்லு கொண்டாங்க."

ஒவ்வொரு கல்லாக உள்ளே இறக்கினார். தண்ணீர் வழிந்து நர்மதாவின் பூட்ஸை நனைத்தது.

"கல்லு உள்ள போனா தண்ணி வழியுது. நேத்து எடுத்திருந்தா இன்னைக்கு இறங்கியிருக்கணும் இல்ல? விளிம்பு வரைக்கும் நிக்குதே! திருடுனவ ஓடைக்கு இறங்கி, குடம் குடமா மொண்டாந்து ரொப்பிட்டா போனா? கட்டி இதுல ஊறவே இல்ல. இல்லாத கட்டியை நேத்து எப்படிப் பாத்த, ராஜதுரை?"

ராஜதுரை தொட்டியை விட்டுப் பின்வாங்கினான். "சோதிச்சா சாயம் வெளுத்துடும்... கட்டியே வார்க்கல. மொதலாளிதான் இவ பேரச் சொல்லச் சொன்னாரு."

நர்மதா அவனை ஜீப்பில் ஏற்றினாள்.

"என் வேலை?" என்றாள் அபிநயா.

நர்மதா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். "புகார் சொன்னதுக்குப் பழிவாங்கப் பொய்க்கேஸு போட்டாங்கன்னு என் கையால எழுதித் தர்றேன். அதை வச்சிக்கினு கேளும்மா."

இறக்கத்தில் பனி இன்னும் கனத்தது. ஈரக் காலுறையைக் கழற்றிப் பிழிந்தாள் நர்மதா.

"சரிங்க ஏட்டய்யா. அணை சமாச்சாரம் எனக்குத் தெரியாது. ஆனா இன்னைக்குத் தண்ணி பேசுச்சு. நானே கேட்டேன்."