சேலையின் மறுமுனை

சாவிக்கொத்தைக் கொடுத்தபோது இராமு வாசல்படியைத் தாண்டவில்லை.

"நீங்களே உள்ள போய்ப் பாத்துக்கங்கம்மா," என்றார். "உள்ளது உள்ளபடி."

வங்கி அதிகாரியும் அதையே சொன்னார். உள்ளது உள்ளபடி.

சென்னையில் நடத்திய தொழிலுக்காக இராமு நெற்குப்பை ஊரில் இருக்கும் இந்தப் பூர்வீக வீட்டை அடமானம் வைத்திருந்தார். தொழில் விழுந்தது. கடன் வீட்டின் விலையைத் தாண்டி வளர்ந்தது. விற்று வருவது வரட்டும், மீதிக் கடனைத் தள்ளுபடி செய்கிறோம் என்று வங்கி ஒப்புக்கொள்ள ஓராண்டுக்கு மேல் ஆனது. வாங்க வந்த மற்றவர்கள் விலகிப் போனார்கள். ரேணுகா மட்டும் காத்திருந்தாள்.

அவள் காரைக்குடியில் ரவிக்கை தைப்பவள். கணவன் வேல்பாண்டி லாரி ஓட்டுகிறான். அம்மா வழியில் வந்த வயலையும் நகையையும் விற்றுத்தான் வாங்கினாள். கல்யாணமானதிலிருந்து வாடகை வீட்டை யாராவது காலி செய்யச் சொல்வார்கள். அவள் காலி செய்வாள். இனி இல்லை என்று முடிவு செய்திருந்தாள்.

வீட்டில் யாரும் குடியில்லை என்று விற்றவரும் வாங்கியவளும் கையெழுத்துப் போட்டார்கள்.

சாவி வாங்கிய அன்று மதியமே அவளுக்கு ஈரத்துணி வாடை அடித்தது.

சித்திரை மாதம். பின்கட்டுக் கிணறு வறண்டு கிடந்தது. தேக்குத் தூண்கள் வெயிலில் நெட்டி முறித்தன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தூசி. எங்கும் ஒரு சொட்டு நீர் இல்லை. ஆனால் கிணற்றுப் பக்கத்து அறையை நெருங்கினால், நாள்கணக்கில் ஊறிய துணியின் வாடை.

தையல் மெஷின்களை முன்கட்டில் இறக்கினாள். நான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். மெஷின்கள் ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை. மதியம் சாப்பிட நிறுத்தினால் கேட்டது.

துணியை அலசும் சத்தம். பிறகு முறுக்கும் சத்தம். பிறகு நீர் கல்லில் கொட்டும் சத்தம்.

நால்வரில் ஒருத்தியான பாண்டீஸ்வரி சோற்றுக் கையோடு எழுந்து நின்றாள்.

"அக்கா, தண்ணியில்லாத கிணத்தடியில யாருக்கா துணி அலசுறது?"

"பக்கத்து வீட்ல இருக்கும்."

"பக்கத்து வீட்டை இடிச்சு, தூணெல்லாம் ஏத்திட்டுப் போயி மாசக்கணக்கு ஆச்சேக்கா."

வார முடிவில் நான்கு பேரும் நின்றுவிட்டார்கள். பாண்டீஸ்வரி கத்தரிக்கோலைக்கூட எடுக்க வரவில்லை.

ரேணுகா அந்த அறையைத் திறந்தாள். விட்டத்திலிருந்து கயிற்றில் ஒரு பிரம்புப் பேழை தொங்கியது. உள்ளே ஒரு சிவப்புக் கண்டாங்கிச் சேலை. காய்ந்திருந்தது. மடிப்புக் கலையவில்லை.

இராமுவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, பின்கட்டு அறையில ஒரு பேழை தொங்குது. உள்ள சேலை இருக்கு."

இராமு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பங்காளி வீட்ல எடுத்துட்டுப் போயிருப்பாகன்னு நெனச்சேனேம்மா."

"யாரும் எடுக்கல. யாரு சேலை?"

"எங்க அயித்தை சிகப்பியோடது. படைப்புச் சேலை."

அவர் மெல்லச் சொன்னார். கல்யாணமாகாமல் இறந்துபோன பெண்ணுக்குப் புதுச்சேலை வைத்துப் படைப்பார்கள். அடுத்த படைப்பு வரை சேலை பேழையில் இருக்கும். பேழை எந்த வீட்டுக்குப் போகிறதோ அவளும் அங்கே போவாள். வீட்டை விற்பதாக இருந்தால் முதலில் பேழையைத்தான் வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு பங்காளியும் மற்றவர் எடுத்திருப்பார் என்று இருந்துவிட்டார்கள்.

"வந்து எடுத்துட்டுப் போங்கண்ணே."

"வித்த வீட்டுக்குள்ள நான் எப்படிம்மா வர்றது? உள்ளது உள்ளபடின்னுதானே வாங்குனீக."

"நான் வீட்டைத்தான் வாங்குனேன். உங்க அயித்தையை வாங்கல."

போன் துண்டிக்கப்பட்டது.

சாயங்காலம் வேல்பாண்டி எங்கோ வழியிலிருந்து பேசினான்.

"வித்துத் தொலைச்சிருவோம் ரேணு."

"யாரு வாங்குவா? ஊர்ல பாதி வீட்டுக் கதவுல பேங்க் நோட்டீஸ் தொங்குது."

"காரைக்குடி யாவாரி கேட்டாரு. தேக்குக்கும் கல்லுக்கும் வெல போடுறாராம்."

"இடிச்சிருவாரு."

"இடிக்கட்டுமே. பேயோட குடும்பம் நடத்தப் போறியா?"

"உன்னோட நடத்தலையா?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் லாரித் தண்ணீரை வாளியில் ஊற்றித் தன் நீலச் சேலையை ஊறவைத்தாள். வேண்டுமென்றே கிணற்றடியில் வைத்தாள். சமையலுக்குப் போய்த் திரும்பி வந்தாள்.

உச்சி வெயில். அவள் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது.

வாளி காலியாக இருந்தது.

சேலை கிணற்றடிக் கல்லில் நீளமாகக் கிடந்தது. ஒரு முனை அவள் பக்கம். மறுமுனை அறைக்குள் போயிருந்தது.

வாடை அதிகமானது.

அறைக்குள் இருந்த முனை எழுந்தது.

இடுப்பு உயரத்தில் நின்றது. பிடித்திருக்கும் கை தெரியவில்லை. துணியில் மட்டும் விரல்கள் அழுத்திய மடிப்புகள் தெரிந்தன.

நீளச் சேலையை ஒருத்தியால் பிழிய முடியாது. இருவர் வேண்டும். ஆளுக்கொரு முனை. ஆளுக்கொரு பக்கம் முறுக்க வேண்டும். ரேணுகா சின்ன வயதிலிருந்து செய்த வேலை.

வாசல் கதவு திறந்தே இருந்தது. ஓடியிருக்கலாம்.

இன்னொரு வீட்டிலிருந்து ஓடுவதா?

முந்தானையை இடுப்பில் செருகினாள். குனிந்து தன் முனையை எடுத்தாள்.

"இந்தா பாரு," என்றாள். "உன்னை விட்டுட்டுப் போனது நான் இல்ல. நீ இருக்கிறதுன்னா இரு. போறதுன்னா போ. நான் போக மாட்டேன்."

அந்த முனை இடப்பக்கம் முறுக்கியது. மெதுவாக அல்ல. அவள் மணிக்கட்டு எலும்பு நெரிந்தது.

அவள் வலப்பக்கம் முறுக்கினாள்.

முறுக்க முறுக்கச் சேலை குறுகியது. அவள் கால் வழுக்கி ஒரு அடி முன்னே நகர்ந்தது. அந்த முனையும் நிலைப்படி வரை வந்தது. சில்லென்று ஒரு மூச்சு முகத்தில் பட்டது. அவள் கண்ணை மூடவில்லை.

கடைசி நீர் கல்லில் கொட்டியது.

மறுமுனை விடுபட்டுத் தரையில் விழுந்தது.

ரேணுகா சேலையை உதறிக் கொடியில் போட்டாள். பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். கொஞ்ச நேரம்தான்.

மெஷின்கள் மறுபடி ஓடின. மதியம் அந்தச் சத்தம் கேட்டால் முன்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்று பாண்டீஸ்வரியிடம் சொன்னாள். பாண்டீஸ்வரி கத்தரிக்கோலுக்காக வந்தவள், இருந்துவிட்டாள்.

தை மாதம் இராமு வந்தார். இந்த முறை வாசல்படியைத் தாண்டினார்.

"மக அக்ஷராவுக்குக் கல்யாணம். படைக்காமத் தாலி கட்ட முடியாது. பேழை வேணும்மா."

"அன்னிக்கு வர முடியாதுன்னீக."

"வித்த வீட்டுக்கு நான் வந்து போறதாப் பேச்சுக் கெளம்புனா, கடன் தள்ளுனதையே பேங்க்காரன் கலைச்சிருவான்னு பயம். தப்புத்தான்."

"எடுத்துக்கங்க. அவுக வந்தாக் கூட்டிட்டுப் போங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன்." பின்கட்டுக்கு நடந்தபடியே கேட்டாள். "எப்படிச் செத்தாக?"

"இந்தக் கிணத்துலதான். கல்யாணத்துக்கு முந்தின வாரம். வீட்டை விட்டுப் போக மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாகளாம்."

"அவுக சொன்னதை யாரும் கேக்கலையா?"

இராமு அறைக்குள் போனார்.

பேழையை அவிழ்த்து இறக்கினார். மூடியைத் திறந்து சேலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"அயித்தை, வாங்க," என்று கிசுகிசுத்தார். "நம்ம வீட்டுக்குப் போவோம்."

சேலையின் ஒரு முனை அவர் கையில் இருந்தது.

மறுமுனை பேழையிலிருந்து தானாக வெளியே வந்தது.

அறை மூலையின் இருட்டை நோக்கிப் போனது. விறைத்து நின்றது.

இராமு இழுத்தார். அந்தப் பக்கமும் இழுத்தது.

காய்ந்த துணியிலிருந்து நீர் வழிந்தது. அவர் மணிக்கட்டில், கடிகாரத்தில், வெள்ளைச் சட்டைக் கையில் ஓடியது.

"அம்மா, நீங்க சொல்லுங்கம்மா," என்றார் ரேணுகாவைப் பார்த்து.

"நான் என்ன சொல்றது? அவுகளே சொல்றாகளே. இப்பவாச்சும் கேளுங்க."

அவர் விட்டார். சிவப்புச் சேலை தரையில் சரசரவென்று ஓடி மூலையில் மறைந்தது.

இராமு வாசலுக்கு ஓடினார்.

"அண்ணே," என்று பேழையோடு பின்னால் வந்து கூப்பிட்டாள் ரேணுகா. "பேழையை மறந்துட்டீக."

"காலிப் பேழைய வச்சு நான் என்ன செய்யிறது?"

"புதுச் சேலை வச்சுப் படைங்க. மகளுக்கு இந்தக் கல்யாணத்துல சம்மதமான்னு மொதல்ல கேட்டுக்கங்க."

அவர் பேழையை வாங்கிக்கொண்டார். கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்திருந்து, அவள் கதவைத் தாழிட்டாள்.

கிணற்றடியில் காலையில் ஊறவைத்த சேலை வாளியில் இல்லை. கல்லில் நீண்டு கிடந்தது. அந்தப் பக்கத்து முனை இடுப்பு உயரத்தில் காத்திருந்தது.

அறைக்குள் அல்ல. நிலைப்படியைத் தாண்டி, வெயிலில்.

ரேணுகா தன் முனையை எடுத்து முறுக்கத் தொடங்கினாள். சேலை குறுகியது. ஈர வாடை நெருங்கி வந்தது.

அவள் பின்னால் நகரவில்லை.