அரிசி சொன்ன தீர்ப்பு

சிந்தியாவின் கால்கள் ஒரே இடத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் கடலூர் மாவட்டத்திலேயே கிடையாது. தூங்கும்போதுகூட அவை பாதி ஊரைச் சுற்றிவிட்டு வரும் என்பார் அவள் அம்மா.

அன்றைக்கு அந்தக் கால்களுக்குத் திருவிழா. சிதம்பரத்தில் மாணவர் ஆய்வுப் போட்டி. ஏழாம் வகுப்பு சிந்தியா, அஜய், அருண்குமார் மூவரும் சந்திரலேகா டீச்சரோடு திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினார்கள்.

'அந்தக் காலத்தில் குற்றவாளியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?' இதுதான் ஆய்வு. ஒரு மாதம் நூலகத்திலேயே குடியிருந்து, ஒரு லாரி கொள்ளும் அளவுக்குக் குறிப்பு எடுத்திருந்தார்கள்.

சந்தேகப்பட்ட ஆளைத் தராசில் உட்காரவைத்து இரண்டு முறை நிறுப்பார்களாம். இரண்டாம் முறை எடை குறைந்தால் அவர் நல்லவர். இதைக் காட்டுவதற்காக அருண்குமார் இரண்டு கொட்டாங்கச்சி, ஒரு மெல்லிய மூங்கில் குச்சி, நீல நூல் எல்லாம் வைத்துச் சின்னத் தராசு செய்திருந்தான்.

இன்னொன்று அரிசிச் சோதனை. ஒரு பிடி அரிசியை மென்று இலையில் துப்ப வேண்டும். ஈரமாக வந்தால் தப்பித்தார். காய்ந்த மாவாக வந்தால் அவர்தான் குற்றவாளி. தப்பு செய்தவருக்குப் பயத்தில் வாய் காய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு.

இதை விளக்க வேண்டியவன் அஜய். அவன் மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. அப்பா பூவராகனின் படகுக்கு முன்னால் நின்று நூறு தடவை ஒத்திகை பார்த்திருந்தான். வங்கக் கடல் மீன்களுக்கே அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

பஸ்ஸில் ஓரம் கிழிந்த தராசுப் பை அஜயின் சீட்டுக்கு அடியில் இருந்தது. பின் சீட்டில் சிந்தியா காலை ஆட்டிக்கொண்டே வந்தாள்.

போட்டி நடக்கும் கூடத்தை அடைந்ததும், பெயர் கொடுக்க டீச்சர் உள்ளே போனார். அருண்குமார் பையைப் பிரித்தான். குச்சி இரண்டாக முறிந்து கிடந்தது.

"டேய், இத யாருடா ஒடச்சது?"

"நான் இல்லடா. வச்ச எடத்துலதான் இருந்துச்சு," என்றான் அஜய்.

"உன் காலுக்கடியிலதான இருந்துச்சு? பேயா வந்து ஒடைக்கும்?"

"தெரியாதுடா மச்சான்."

அருண்குமாரின் பார்வை மேடையில் காட்டக் கொண்டுவந்த அரிசிப் பொட்டலத்தின் மேல் விழுந்தது. "நம்ம சோதனைய நாமளே வச்சுப் பாத்துடலாம்."

"வைக்கலாம், வைக்கலாம்," என்று குதித்தாள் சிந்தியா.

மூவரும் மென்றார்கள். துப்பினார்கள். அருண்குமாருடையது கஞ்சி. சிந்தியாவுடையது குழைந்த பொங்கல். அஜயுடையது கோலமாவு. பாதி உதட்டிலேயே ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது.

"முடிஞ்சுது. நீ பேச வேணாம். உன் பகுதிய நானே சொல்லிக்கிறேன்," என்றான் அருண்குமார்.

அஜய் பேச்சு எழுதிவைத்திருந்த துண்டுச் சீட்டை அருண்குமார் கையில் கொடுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே குழாயடியில் போய் உட்கார்ந்தான்.

சிந்தியாவுக்கு என்னவோ போலிருந்தது. தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். நடந்த நடைக்குக் கடலூருக்கே திரும்பிப் போயிருக்கலாம். நடுவில் இடது செருப்பை ஏதோ இழுத்தது. குனிந்தாள்.

செருப்பின் கொக்கியில் நீல நூல். அதன் நுனியில் ஒரு மூங்கில் சிலாம்பு.

புதுச்சத்திரம் தாண்டியதிலிருந்து முன் சீட்டுக்கு அடியில் ஏதோ மூட்டை என்று நினைத்து எத்தனை உதை உதைத்தாள். பந்து மாதிரி அது போய்ப் போய் வந்ததே.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நூலைப் பிய்த்துக் குப்பையில் போட்டால் யாருக்குத் தெரியும்? அரிசியே அவளை நல்லவள் என்று சொல்லிவிட்டது. இப்போது மட்டும் அரிசியைக் கொடுத்திருந்தால், அவள் வாயிலிருந்து புழுதிதான் பறந்திருக்கும்.

உள்ளே அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அருண்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கப் போனான். சிந்தியா குறுக்கே வந்து, நடுவரைப் பார்த்தபடி மைக்கைப் பிடித்தாள்.

"மேடம், அரிசிச் சோதனைய இன்னிக்குக் காலையில நாங்களே செஞ்சு பாத்தோம். எங்க தராசை ஒடச்சது நான். அப்ப அது எனக்கே தெரியாது. அதனால பயமில்லாம மென்னேன், பாஸாயிட்டேன். ஒண்ணுமே செய்யாத அஜய் பெயிலாயிட்டான்."

செருப்பைத் தூக்கிக் காட்டினாள். நீல நூல் ஆடியது.

"இதப் பத்தி அவன்தான் பேசணும். வெளிய உக்காந்திருக்கான்."

அருண்குமாரின் காது வெற்றிலை பாக்கு போட்ட வாய்போல் சிவந்தது. மேடையிலிருந்து இறங்கி வெளியே ஓடினான். சீட்டை நீட்டினான்.

"வாடா. நான் தப்பா சொல்லிட்டேன்."

"நீ மொறைச்ச மொறைப்புலயே எனக்கு எச்சில் வத்திப்போச்சுடா," என்றான் அஜய். சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதைப் பார்க்கவேயில்லை. மேடையேறி, ஒரு இடத்திலும் தடுமாறாமல் சொல்லி முடித்தான்.

நடுவர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அந்த அரிசி எதத்தான் கண்டுபிடிச்சுது?"

"யாரு பயந்தாங்கன்னு கண்டுபிடிச்சுது மேடம்."

"சரி. தப்பு செஞ்சவங்கள எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அஜய் சிந்தியாவைப் பார்த்தான்.

"மொதல்ல எல்லாரோட செருப்பையும் பாக்கணும் மேடம்."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். நடுவரும்தான்.