வெல்மா டாரோவின் பித்தளை ப்ரூச்

கை வேலையை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்தில் வாருங்கள், என் செல்லங்களே. ஒரு களவுக் கதை சொல்கிறேன். சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஹாலிவுட், 1951, ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 9:10. வெல்மா டாரோ தன் ஒப்பனை அறை இழுப்பறையைத் திறந்தாள். ப்ரூச் இல்லை.

சலவைக்காரியான அவள் அம்மா விட்டுப்போன ஒரே நகை அது. கூட்டத்தில் நிற்கும் பெண்ணாக வந்து, இருபத்திரண்டு வருஷத்தில் நாற்பது படத்தில் நடித்தவள் வெல்மா. ஒவ்வொரு படத்திலும் ஒரு காட்சியிலாவது அதை உடையில் குத்திக்கொள்வாள். நாடே அறிந்த பித்தளை.

9:25. ஸ்டுடியோ காவல் தலைவர் புல்லக் வந்தார். முதல் நாள் மாலை ஆறுக்கு வெல்மாவே அதை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். பிறகு அந்த அறைக்கு வந்தது, தெரிந்தவரை, நான் வேலை பார்த்த தையல் அறையின் ஈனெஸ் அர்ரோயோ மட்டும்தான். முதல் நாள் படம் பிடித்த கல்யாண கவுன் அங்கே உறைக்குள் தொங்கியது. அதை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு, ஓரம் தைக்க அன்று காலை 8:50க்குப் போயிருக்கிறாள்.

புல்லக் ஈனெஸைக் கூப்பிட்டு அவள் விரல்களை உற்றுப் பார்த்தார். நகமெல்லாம் ரோஜா நிறம். போன வாரம் துணிக்குப் போட்ட சாயம் என்றாள் ஈனெஸ். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

சாட்சியாக வந்தவன் க்ளிஃப் பெய்ன்ஸ், விளம்பரப் பிரிவில் சேர்ந்து மூன்றே வாரம் ஆனவன். முதல் நாள் எடுத்த காட்சிகளை எட்டு மணிக்குத் திரையில் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்தானாம்.

“கண்ணால பார்த்தியா?”

“பார்த்தேன் ஐயா. பால் வெள்ளை கவுன் கையில. அந்த மடிப்புக்குள்ள ப்ரூச்சைச் சொருகினா.”

“வெளிச்சம் இருந்துச்சா தம்பி?” என்று கேட்டாள் வெல்மா.

“பட்டப்பகல் மேடம். நாலடி தூரம்.”

புல்லக் விலங்கை எடுத்தார். ஈனெஸுக்குப் பிள்ளைகள் நினைப்புதான். வேலை போனால் போகட்டும். அவளுடைய இரண்டு பெண்களும் பள்ளியில் திருடி மகள் என்று பேர் வாங்குவார்களே.

“கொஞ்சம் பொறுங்க. ஈனெஸ், அந்த கவுனைக் கொண்டு வா கண்ணு,” என்றாள் வெல்மா.

9:50. கவுன் வந்தது. அத்தனையும் ரோஜா நிறம்.

“இதுல வெள்ளை எங்கடா இருக்கு?” என்று பெய்ன்ஸைக் கேட்டாள் வெல்மா.

பிறகு அவளே புல்லக்குக்கு விளக்கினாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிஜ வெள்ளையைக் கட்டினால் விளக்கொளியில் துணி கண் கூச மின்னும், முகம் தொலையும். அதனால் இளம் ரோஜாச் சாயம் ஏற்றுவார்கள். திரையில் அது வெள்ளையாக விழும்.

“இதை வெள்ளையாப் பார்த்தவன் திரையில மட்டும்தான் பார்த்திருக்கணும். ஈனெஸ் கவுன் எடுத்துட்டுப் போனாள்னு யாரோ சொல்லக் கேட்டு, மிச்சத்தை ஜோடிச்சிருக்கான்.”

10:15. பெய்ன்ஸின் மேஜையில் ப்ரூச் கிடைத்தது. கூடவே, முதல் நாள் இரவே தட்டச்சு செய்த பத்திரிகைச் செய்தி: நட்சத்திரத்தின் ராசி நகை களவு.

“படம் ஓடட்டும்னுதான் மேடம். ரெண்டு நாள்ல நானே குடுத்திருப்பேன்.”

“எங்கம்மா ஊரார் அழுக்கைத் துவைச்சா தம்பி. யார் மேலயும் பூசல.”

அன்று படப்பிடிப்பில் ஈனெஸின் ரோஜா நிற விரல்கள்தான் ப்ரூச்சைக் குத்திவிட்டன. அதற்கு முன் வெல்மா முதலாளியிடம் ஒரு வாக்கு கேட்டு வாங்கியிருந்தாள். தராவிட்டால் தளத்தில் கால் வைப்பதில்லை என்று.

படம் வெளியான அன்று பெயர்கள் ஓடி முடியும் இடத்தில் வந்தது: தையல், ஈனெஸ் அர்ரோயோ. எங்கள் அறையிலிருந்து திரைக்குப் போன முதல் பெயர். நாங்கள் பதினோரு பேரும் எழுந்து நின்றோம். மறைக்கிறது, உட்காருங்கள் என்று பின்னாலிருந்து திட்டினார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை.

உங்கள் வீட்டில் உழைக்கிற கைகளின் பேர் ஊர் பார்க்க ஒளிரட்டும், செல்லங்களே. குற்றம் செய்யாத தலை எதுவும் அந்தக் கூரைக்குக் கீழே குனியாதிருக்கட்டும்.