அடுப்புக்கு ஓர் இடம்

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அன்புச்செல்வியின் வீடு ஆலங்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தது. வீட்டில் ஒரே ஓர் அறைதான். அதிலேயே படுக்கை, அதிலேயே பள்ளிக்கூடப் பை, அதிலேயே அடுப்பு. நடுவில், உத்திரத்தில் கட்டிய தூளியில் எட்டு மாதத் தம்பி அஜித்.

அம்மா அருணா அடுப்பை மூட்டியதும் தம்பி இருமத் தொடங்குவான். சிலிண்டர் தீர்ந்ததிலிருந்து தென்னை மட்டையும் விறகும்தான் எரிந்தன. அன்றைக்கு இருமி இருமி அவன் முகமே சிவந்துவிட்டது. குடித்த பாலையும் கக்கிவிட்டான்.

ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அவன் நெஞ்சைச் சோதித்துப் பார்த்தார்.

"மருந்து தாரேன். ஆனா இது ரெண்டாவது தடவை. புகைக்குள்ளயே புள்ளய வச்சிருந்தா மருந்து என்ன செய்யும்?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஒங்கப்பா தேங்கா லோடு ஏத்தப் போனா இருட்டித்தான் வாராரு. நான் ஒருத்தி அடுப்பையும் பாக்கணும், இவனையும் பாக்கணும். வெளிய போட்டா நாயி, எறும்பு. எங்கிட்டுத்தான் வைக்கிறது?" என்றார்.

அன்புச்செல்வி யோசித்தாள்.

"தம்பிய ஏம்மா வெளிய வைக்கணும்? அடுப்பத் தூக்கி வெளிய வைப்போம்."

இருவரும் இரும்பு அடுப்பைக் கொல்லையில் வைத்துப் பார்த்தார்கள். ஆடி மாதக் காற்று தீயை இருக்கவிடவில்லை. சாம்பல் பறந்து அன்புச்செல்வியின் தலை வெள்ளையானதுதான் மிச்சம்.

"இப்ப நீதான் எனக்கு அம்மா மாதிரி இருக்க" என்று அம்மா சிரித்துவிட்டார்.

காற்றை மறைக்க ஒரு சுவர் வேண்டும். அன்புச்செல்வி சுற்றிப் பார்த்தாள். பின்வாசலுக்கு எதிரே அடைக்கலமேரி பெரியம்மாவின் தகரக் கொட்டகை இருந்தது. காற்று வரும் மேற்குப் பக்கம் மட்டும் சுவர். மற்ற பக்கமெல்லாம் திறப்பு. அங்கே அடுப்பு வைத்தால் புகை வயலைப் பார்த்துப் போய்விடும். அங்கிருந்தே தூளியும் தெரியும்.

ஆனால் அந்தப் பெரியம்மாவோடு அம்மாவுக்குப் பேச்சே கிடையாது. அவருடைய ஆடு அம்மாவின் புதுச் சேலை முந்தானையைத் தின்ற நாளில் தொடங்கிய சண்டை அது.

"நான் போயி கேக்கட்டாம்மா?"

"வேணாம். அன்னைக்கு நான் பேசுன பேச்சுக்கு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்குறது?"

"நீதானம்மா பேசுன. நான் பேசலையே."

அம்மா பதில் சொல்வதற்குள் அவள் கிளம்பிவிட்டாள்.

பெரியம்மா ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, தம்பிக்குப் புகை ஆகாதுன்னு டாக்டரு சொல்லிட்டாங்க. ஒங்க கொட்டகையில கொஞ்சம் இடம் குடுத்தீங்கன்னா அங்க அடுப்பு வச்சிக்கிருவோம். சாம்பல நானே தெனமும் அள்ளிருவேன்."

பெரியம்மா தழையைக் கீழே போட்டுவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போனார். அங்கே கிடந்த சாக்குகளை இழுத்து வெளியே போடத் தொடங்கினார்.

"அந்தப் புள்ள இருமுறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. நானா வந்து சொன்னா ஒங்கம்மா என்ன நெனைப்பாளோன்னு இருந்துட்டேன். நீ வந்து கேட்டியே ஆத்தா, அது போதும். இங்கிட்டுப் புடி."

பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, விறுவிறுவென்று வந்து சாக்கின் மறுமுனையைப் பிடித்தார்.

"மேரிக்கா, நான் அன்னைக்குப் பேசுனத..." அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"சேலை நல்ல சேலைதான். ஆட்டுக்கே புடிச்சிருந்துச்சே" என்றார் பெரியம்மா. "போயி அடுப்பக் கொண்டா."

இருமல் ஒரே நாளில் போகவில்லை. முதலில் கொஞ்சம் குறைந்தது. பிறகு எப்போதாவது ஒரு முறை என்றானது. பத்தாம் நாள் காலையில் கொட்டகையில் சோறு வெந்தது, குழம்பு கொதித்தது. தம்பி இருமாமல் தூங்கினான், தூளி அசையவே இல்லை.

அம்மா முதல் கரண்டிக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றினார். "பெரியம்மாவுக்குக் குடுத்துட்டு வா."

கொலுசுச் சத்தத்தில் தம்பி விழித்துவிடக் கூடாதே என்று, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு மெல்ல மெல்ல அடியெடுத்து வைத்தாள் அன்புச்செல்வி.