வலது நுரையீரல்

முதலில் தாழ்ந்தது சத்தம்தான். நோயாளியின் விரலில் மாட்டிய கருவி நாடிக்கு நாடி எழுப்பும் மெல்லிய கூவல், யாரோ படியிறங்குவதுபோல ஒவ்வொரு சுதியாகக் கீழே போனது. மயக்க மருந்து டாக்டர் எர்லிண்டா திரையைப் பார்த்தாள். தொண்ணூற்றாறில் இருந்த ஆக்சிஜன், எண்பத்தெட்டு.

பச்சைத் துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பொத்தோசி மலை வெள்ளிச் சுரங்கத் தொழிலாளி எலூத்தேரியோவின் மார்பு திறந்து கிடந்தது. வலது நுரையீரலிலிருந்த நீர்க்கட்டியை எடுப்பதற்காக அதற்குப் போகும் காற்றை அடைத்துவிட்டு, இடதை மட்டும் இயந்திரத்தால் ஊதிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில், இந்தப் பக்கம், அவள் ஒருத்திதான்.

"ஆக்சிஜன் இறங்குது டாக்டர். வலதைக் கொஞ்சம் ஊதட்டுமா?"

"ஊதினா கட்டி வெடிச்சிரும், ஆள் போயிருவான். அஞ்சு நிமிஷம் தாக்குப்பிடிம்மா," என்றார் அறுவை மருத்துவர் உர்கீதி.

தொண்டைக் குழாய்க்குள் சிறு கேமராவை இறக்கிப் பார்த்தாள். குழாய் சரியான இடத்தில்தான் இருந்தது. சளியை உறிஞ்சினாள், கல்தூள் கலந்த சாம்பல் நிறச் சளி. இடது பக்கம் அழுத்தத்தைக் கூட்டினாள். எண்பது. எழுபத்து மூன்று.

பிறகு, அவள் எதையும் தொடாமலே சத்தம் ஏறியது. தொண்ணூற்றெட்டு.

தடுப்புக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அடைத்த நுரையீரல் எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. மெதுவாக. இயந்திரத்தின் தாளத்தில் அல்ல.

"டாக்டர்... வலது நுரையீரல் மூச்சு விடுது."

"எங்க? சப்பையா செத்த எலி மாதிரியில்ல கெடக்கு!"

"மலை உயரத்துக்குத் தலை சுத்துதா? கோக்கா டீ குடிக்காம வந்துட்டீங்களா டாக்டரம்மா?" என்று சிரித்தாள் நர்ஸ்.

வலது பக்கக் காற்றை அடைத்திருந்த இடுக்கியை எர்லிண்டா தடவினாள். இறுக்கமாகவே இருந்தது. அப்போதுதான் அந்தத் தாளம் பிடிபட்டது. அது அவளுடையது.

மூச்சை அடக்கினாள். நுரையீரல் நின்றது. தொண்ணூறு. எழுபது. பதறி மூச்சை இழுத்தாள். அது எழும்பியது.

யாரிடம் சொல்வது? நின்றபடியே, இருவருக்குமாக, எண்ணி எண்ணி மூச்சுவிட்டாள்.

"கட்டி வெளிய வந்தாச்சு. இப்ப ஊதும்மா!"

இடுக்கியைத் திறந்தாள். இரண்டு பக்கமும் காற்று பாய்ந்தது. தொண்ணூற்றொன்பது. அப்பாடா என்று பெருமூச்சு விடப்போனாள்.

வரவில்லை.

வாய் திறந்திருந்தது. காற்று அசையவில்லை. தடுப்புக்கு அப்பால் வலது நுரையீரல் தாழ்ந்தது. அவள் விலாவும் தாழ்ந்தது. அது எழும்பியது. அவள் விலா இழுபட்டு எழும்பியது.

"தையல் போட்டுரலாம்," என்றார் உர்கீதி.

கூப்பிட நாக்கு புரளவில்லை. ஒரு தையல். இன்னொன்று. எலூத்தேரியோவின் மார்பு மூடிக்கொண்டது.

உள்ளே, இருட்டில், அது அவளுக்காக மூச்சை இழுத்தது.